விளக்குக்குள் ஓடிய ரத்தம்

வாரம் 1: அரை மணி நேரம்

2011, ஐப்பசி. இரவு பதினோரு மணி. வெளியே அடைமழை. என் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. தாய்க்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை.

லேபர் வார்டின் கதவு பாதி திறந்தது. சிஸ்டர் ஒரு சீட்டை நீட்டினார்.

"பிளட் பேங்குக்கு ஓடுங்க. ரத்தம் ஏத்திக்கிட்டுதான் இருக்கோம். ஆனா உறையல. பிளாஸ்மா நாலு யூனிட் வேணும்னு சொல்லுங்க."

நானும் சித்தப்பாவும் ஓடினோம். பிளட் பேங்க் ஊழியர் சீட்டைப் படித்தார், உறைபெட்டியைத் திறந்தார், நான்கு பைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். 'டொக்' என்று சத்தம் கேட்டது. உள்ளே இருந்தது கல் போல இறுகிப்போன, வெளிறிய மஞ்சள் நிறப் பாளம்.

கையை நீட்டினேன். அவர் தலையாட்டினார்.

"இப்படியே ஏத்த முடியாதுங்க. 37 டிகிரி தண்ணியில மெதுவா உருகணும். சூடு கூடுனா உள்ள இருக்கிற சத்து கெட்டுப்போயிடும். அரை மணி நேரம் உட்காருங்க."

மர பெஞ்சில் உட்கார்ந்தோம். தலைக்கு மேலே ஒரு டியூப்லைட், ஸ்டார்ட்டர் பழுதாகி விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் சித்தப்பா பேசவில்லை. பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏம்ப்பா, உன் தம்பி வீட்டுல பெருசா ஒரு டிவி மாட்டியிருக்கானே, அதுக்கும் பிளாஸ்மான்னுதானே பேரு சொன்னான்? ரத்தத்துல இருக்கிறதுக்கும் டிவிக்கும் என்னப்பா சம்பந்தம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அரை மணி நேரத்தை எப்படியாவது கடக்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டார் என்பது மட்டும் தெரிந்தது. அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பின்னால் நான் தேடிப் படித்ததெல்லாம் அதற்கான பதிலைத்தான். தங்கைக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன். பைகள் உருகட்டும். அதற்குள் நாம் அமெரிக்காவுக்குப் போய் வரவேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்று ஒரு தொழில் நகரம். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. 1909 கோடை விடுமுறையில் அங்கே வேலை செய்யலாம் என்று 28 வயது வேதியியல் ஆசிரியர் ஒருவர் வந்தார். பெயர் இர்விங் லாங்மியூர். விடுமுறை முடிந்தது. அவர் திரும்பிப் போகவில்லை. நாற்பது ஆண்டு அங்கேயே இருந்தார்.

அவர் கையில் எடுத்த முதல் சிக்கல் குண்டு பல்பு. அன்றைய பல்புகள் சில நாளிலேயே உள்பக்கம் கறுத்துப்போயின. காற்றை இன்னும் நன்றாக உறிஞ்சி எடுத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். லாங்மியூர் உற்றுப் பார்த்தார். கறுப்புக்குக் காரணம் மிச்சமிருந்த காற்று இல்லை, சூட்டில் ஆவியாகிப் பறந்து கண்ணாடியில் படியும் டங்ஸ்டன் இழை என்று கண்டார். உடனே எல்லோருக்கும் நேர்மாறாகச் செய்தார். பல்புக்குள் நைட்ரஜன், ஆர்கான் போன்ற வாயுவை அடைத்தார், இழையைச் சுருளாகச் சுற்றினார். 1913-இல் பிறந்த அந்த வாயு பல்புதான் நம் வீடுகளில் நூறாண்டு எரிந்த குண்டு பல்பு.

அடுத்து அவரை இழுத்துக்கொண்டது, இழையே இல்லாமல் வாயுவே எரியும் குழாய். கண்ணாடிக் குழாயில் துளி பாதரசத்தை ஆவியாக்கி மின்சாரம் பாய்ச்சினால் உள்ளே நீலமாக ஒரு வெளிச்சம் பரவும். அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு ஓட, எலக்ட்ரானை இழந்த அணுக்கள் அயனிகளாகத் திரியும் கலவை அது. லாங்மியூரும் உதவியாளர் ஹரால்ட் மாட்-ஸ்மித்தும் அந்த வெளிச்சத்துக்குள் ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து அளந்தார்கள். எலக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரியைத் தாண்டியது. குழாயோ உருகாமல் அப்படியே இருந்தது. எலக்ட்ரானைவிட ஒரு பாதரச அணு மூன்றரை லட்சம் மடங்குக்கும் மேல் கனமானது. எலக்ட்ரான் எவ்வளவு துள்ளினாலும் அந்தக் கனத்தை அசைத்துச் சூடேற்ற முடியவில்லை.

குழாயின் ஓரங்களில் ஒரு குணம், நடுவில் வேறொரு குணம். ஓரத்தில் பிளஸ்ஸும் மைனஸும் சமமாக இல்லை. நடுவிலோ எவ்வளவு அயனியோ அவ்வளவு எலக்ட்ரான். அந்த நடுப்பகுதி தனக்கென்று ஒரு நியதியோடு நடந்துகொண்டது. அதைத் திடம் என்றோ திரவம் என்றோ சொல்ல முடியாது; சாதாரண வாயு என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் 'மின்னிறக்கத்தின் சீரான பகுதி' என்று நீட்டி முழக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் லாங்மியூர் மாட்-ஸ்மித்திடம் வந்தார். பெயர் கிடைத்துவிட்டது என்றார். அவர் சொன்ன காரணத்தில் மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் பேசியது ரத்தத்தைப் பற்றி.

(தொடரும்)

வாரம் 2: ரசத் தெளிவு

லாங்மியூர் என்ன சொன்னார் என்று கேட்பதற்குமுன், ரத்தத்தை ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்துவிடுவோம்.

உறையாமல் இருக்க மருந்து சேர்த்த ரத்தத்தை ஒரு சோதனைக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் நிறுத்தி வையுங்கள். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். அடியில் கருஞ்சிவப்பு. அதன்மேல் நூல் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கும் மேலே, வெளிறிய மஞ்சளில் தெளிந்த நீர். கலங்கியதெல்லாம் அடியில் தங்கிய பிறகு மேலே நிற்கும் ரசத் தெளிவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெளிவுதான் ரத்தத்தின் பிளாஸ்மா.

சிவப்பைத்தான் நாம் ரத்தம் என்று நினைக்கிறோம். அளவில் பாதிக்கும் மேல், சுமார் 55 சதவீதம், இந்த மஞ்சள் நீர்தான். அதிலும் பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். மீதியில் புரதங்கள், உப்பு, சர்க்கரை, ஹார்மோன்கள். காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்கும் காரணிகளும் இதில்தான் மிதக்கின்றன. என் தங்கைக்கு ஏறிக்கொண்டிருந்த சிவப்புப் பையில் அந்தக் காரணிகள் ஏறக்குறைய இல்லை. அதனால்தான் ரத்தம் ஏற ஏறக் கசிந்துகொண்டே இருந்தது. அதனால்தான் சிஸ்டர் பிளாஸ்மா கேட்டார்.

இந்தத் தெளிவுக்குப் பிளாஸ்மா என்ற பெயர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வந்து ஒட்டிக்கொண்டது. சொல் கிரேக்கம். 'பிளாஸ்மா' என்றால் பிடித்து வைத்தது, வனைந்தது என்று பொருள். மஞ்சளைப் பிடித்து வைத்துப் பிள்ளையார் என்கிறோமே, அந்தப் பிடித்து வைத்தல். பிளாஸ்டிக், பிளாஸ்டர் எல்லாம் அதே வேரில் வந்த பங்காளிகள்.

1839-இல் யான் புர்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் அறிஞர் இந்த வேரிலிருந்து இன்னொரு சொல்லை வனைந்தார். புர்கின்யே இளமையில் பாதிரியாராகப் படித்தவர். கடவுள் களிமண்ணில் முதன்முதலாகப் பிடித்த ஆதாம், தேவாலய மொழியில் 'புரோட்டோபிளாஸ்ட்'. அதே வேரில், உயிரணுக்களுக்குள் முதலில் உருவாகும் கொழகொழப்பான பொருளுக்குப் 'புரோட்டோபிளாசம்' என்று பெயர் வைத்தார். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த அந்தச் சொல்லுக்குள் ஆதாம் ஒளிந்திருக்கிறார்.

அதன் பிறகு உயிரியலில் இந்தச் சொல் வெள்ளமாய்ப் பெருகியது. 1885-இல் மலேரியாக் கிருமிக்குப் பிளாஸ்மோடியம் என்று பெயரிட்டார்கள். தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும் பொருளைக் 'கருப்பிளாசம்' என்று 1892-இல் எழுதினார் ஜெர்மானியர் ஆகஸ்ட் வைஸ்மன். இன்று விதை வங்கிகளில் பாரம்பரிய நெல் ரகங்களைக் குளிரில் பாதுகாக்கிறவர்கள் 'ஜெர்ம்பிளாசம்' என்று சொல்வது அதைத்தான்.

ஆக, 1920-களில் பிளாஸ்மா என்றால் அது ரத்தம், உயிர், கரு. இந்தச் சொல்லைத்தான் லாங்மியூர் கண்ணாடிக் குழாய்க்குள் கொண்டுபோனார்.

அவர் சொன்னது இதுதான். இந்தக் குழாயின் நடுவில் இருக்கும் வெளிச்சம் தானே பெரிய காரியம் எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. ஆனால் அதிவேக எலக்ட்ரான்கள், அயனிகள், கலப்படமாகப் புகுந்த வாயு மூலக்கூறுகள் எல்லாம் இதில் மிதந்துதான் போகின்றன. ரத்தத்தில் பிளாஸ்மா சிவப்பணுவையும் வெள்ளையணுவையும் கிருமிகளையும் சுமந்துபோவது போல இது சுமந்துபோகிறது. ஆகவே இதற்கும் அந்தப் பெயரையே வைப்போம்.

இந்தக் காட்சி நமக்குத் தெரிந்தது மாட்-ஸ்மித்தால். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1971-இல், 'நேச்சர்' இதழுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அவர் இதைப் பதிந்துவைத்தார். எழுதாமல் விட்டிருந்தால் காரணம் தெரியாத பெயராகவே அது நின்றுபோயிருக்கும்.

1928-இல் லாங்மியூர் தம் ஆய்வுக் கட்டுரையில் அந்தச் சொல்லை அச்சேற்றினார். இயற்பியலாளர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் மருத்துவ இதழ்களிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. பிளாஸ்மா பற்றி நீங்கள் எழுதியிருக்கும் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டார்கள். என் சித்தப்பாவுக்கு வந்த குழப்பம் அந்தப் பெயர் பிறந்தபோதே பிறந்துவிட்டது.

உண்மையில் அந்தப் பொருளை முதலில் கண்டவர் லாங்மியூர் இல்லை. 1879-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் வில்லியம் குரூக்ஸ் என்ற விஞ்ஞானி மேடையில் ஒளிரும் குழாய்களைக் காட்டி, இது பொருளின் நான்காவது நிலை என்று முழங்கினார். திடம், திரவம், வாயுவுக்கு அப்பால் ஒன்று. எலக்ட்ரான் என்பதையே அப்போது யாரும் கண்டறிந்திருக்கவில்லை. அதற்கு இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன.

குரூக்ஸ் கண்டார், லாங்மியூர் பெயரிட்டார். இருவருக்கும் நடுவில், 1920-இல், இன்னொருவர் இருக்கிறார். அவரிடம் ஒளிரும் குழாய் இல்லை. நல்ல ஆய்வுக்கூடமும் இல்லை. கல்கத்தாவில் உட்கார்ந்து, காகிதமும் பென்சிலுமாக, 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் பிளாஸ்மாவை அளந்துவிட்டார். பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட ஒரு மளிகைக் கடைக்காரர் மகன்.

(தொடரும்)

வாரம் 3: சூரியனை அளந்தவர்

டாக்காவுக்குப் பக்கத்தில் சியோராதலி என்ற கிராமம். 1893 அக்டோபர் 6-இல் அங்கே பிறந்தார் மேகநாத் சாஹா. அப்பா சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். மகன் படித்து என்ன ஆகப்போகிறது, கடையில் உட்காரட்டும் என்பதுதான் வீட்டின் நினைப்பு. உள்ளூர் மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் இடம் கொடுத்துப் படிக்கவைத்தார். உதவித்தொகையோடு டாக்காவில் பெரிய பள்ளியில் சேர்ந்தார் சாஹா. 1905. வங்கப் பிரிவினையின் கொதிப்பு. ஆங்கில ஆளுநர் பள்ளிக்கு வந்த நாளில் மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். சாஹாவின் பெயர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டது. உதவித்தொகையும் போயிற்று.

வேறொரு பள்ளியில் சேர்ந்து படிப்பைத் தொடர்ந்தார். கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். சத்யேந்திரநாத் போஸோடு சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்.

அப்போது வானியலாளர்களை ஒரு புதிர் குடைந்துகொண்டிருந்தது. சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால் இடையிடையே கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கைரேகை. கால்சியத்தின் இரண்டு கோடுகள் மிக அழுத்தமானவை. நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே சூரியனை நாள்தோறும் படம் பிடித்துச் சேர்த்தது அந்தக் கால்சிய ஒளியில்தான். ஆனால் அவை முழுக் கால்சிய அணுவின் கோடுகள் இல்லை, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியத்தின் கோடுகள். சூரியனின் மேல் அடுக்குகளில் அவை ஏன் இவ்வளவு ஓங்கி நிற்கின்றன? மேலே போகப் போக ஏன் முழு அணுவின் கோடு தேய்ந்துபோகிறது?

சாஹா வேறொரு வாசல் வழியாக உள்ளே போனார். சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் சுண்ணாம்பாகவும் வாயுவாகவும் பிரிகிறது. எவ்வளவு பிரியும் என்பதை வெப்பமும் அழுத்தமும் தீர்மானிக்கின்றன. வேதியியலில் இதற்குக் கணக்கு உண்டு. அணு தன் எலக்ட்ரானை இழப்பதையும் இப்படி ஒரு பிரிவாகவே எடுத்துக்கொண்டால் என்ன?

கணக்கு விழுந்தது. வெப்பம் கூடினால் எலக்ட்ரான்கள் கழன்று வரும். அழுத்தம் குறைந்தாலும் அப்படியே. சந்தைக் கூட்டத்தில் கை நழுவிய எலக்ட்ரானுக்கு உடனே இன்னோர் அயனியின் கை கிடைத்துவிடும். வெட்டவெளியில் நழுவினால் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? சூரியனின் மேல் அடுக்கு அப்படி ஒரு வெட்டவெளி. கால்சியம் அங்கே எலக்ட்ரானைத் தொலைத்துவிட்டுத் தனியே திரிகிறது. புதிர் அவிழ்ந்தது. 1920-இல் அந்தக் கட்டுரை லண்டனின் 'ஃபிலாசாஃபிகல் மேகசின்' இதழில் வந்தது. இனி ஒரு விண்மீனின் கோடுகளைப் படித்தால் அதன் வெப்பத்தைச் சொல்லிவிடலாம்.

இங்கே வரலாறு ஒரு முடிச்சைப் போடுகிறது. சாஹா கையாண்ட வேதியியல் கணக்கின் முன்னோடிகளில் ஒருவர் ஜெர்மானியரான வால்தர் நெர்ன்ஸ்ட். கட்டுரை வந்த பிறகு சாஹா பெர்லினில் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே வேலை செய்தார். கோட்டிங்கனில் அதே நெர்ன்ஸ்ட்டிடம் 1906-இல் முனைவர் பட்டம் பெற்றவர் யார் தெரியுமா? லாங்மியூர். சூடான உலோகப் பரப்பில் அணுக்கள் அயனியாவதைக் கணிக்கும் சமன்பாட்டுக்கு இன்றும் சாஹா–லாங்மியூர் சமன்பாடு என்றே பெயர்.

சாஹா செய்துவைத்த சாவியை எடுத்து, அவரும் திறக்காத பூட்டைத் திறந்தவர் ஓர் இளம்பெண். சிசிலியா பெய்ன், இங்கிலாந்துக்காரர். கேம்பிரிட்ஜில் படித்தார். பெண்களுக்கு அங்கே அப்போது பட்டம் கொடுக்கமாட்டார்கள். 1923-இல் கப்பலேறி அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்துக்கு வந்தார். அங்கே குவிந்துகிடந்த விண்மீன் ஒளிப்படத் தகடுகளைச் சாஹாவின் சமன்பாட்டைக் கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார்.

பூமியில் என்னென்ன இருக்கிறதோ அதே விகிதத்தில்தான் விண்மீன்களிலும் இருக்கும், இரும்பும் சிலிக்கானும் நிறைய இருக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. பெய்னின் கணக்கு வேறு சொன்னது. விண்மீன்களில் ஏறக்குறைய எல்லாமே ஹைட்ரஜன். அடுத்தது ஹீலியம். மற்றவை வெறும் துணுக்கு.

25 வயது. கையில் பிரபஞ்சத்தின் உண்மை. அன்றைய அமெரிக்க வானியலின் பெரிய தலை ஹென்றி நாரிஸ் ரஸல் அதைப் படித்துவிட்டு, இது நடக்கவே முடியாதது என்று எழுதினார். 1925-இல் தம் ஆய்வேட்டில் பெய்ன் தம் கையாலேயே, இந்த அளவுகள் பெரும்பாலும் உண்மையாக இருக்க முடியாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டிவந்தது. நான்கு ஆண்டு கழித்து ரஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். பெய்னின் கணக்கு சரியாகவே இருந்தது.

அந்த வரியை எழுதும்போது அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

வானத்துப் பிளாஸ்மாவை இங்கே நிறுத்திக்கொள்வோம். 1940. லண்டன்மேல் குண்டு விழுகிறது. அட்லாண்டிக்கைக் கடந்து ஒரு தந்தி வருகிறது. கேட்பது மஞ்சள் நிறப் பிளாஸ்மாவை. அதைத் திரட்டித் தரும் பொறுப்பு ஒரு கறுப்பின மருத்துவர் கைக்கு வந்து சேர்கிறது. அவர் இனத்தாரின் ரத்தத்தை அவருடைய நாடே வாங்க மறுக்கப்போகிறது என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

(தொடரும்)

வாரம் 4: பையில் எழுதாத வரி

சார்ல்ஸ் ட்ரூ. 1904-இல் வாஷிங்டனில் பிறந்தவர். சேமித்த ரத்தத்தைப் பற்றி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1940-இல் உயர் பட்டம் பெற்றார். ரத்த வங்கி நடத்துவதன் நுணுக்கம் அவரளவு தெரிந்தவர்கள் அன்று மிகச் சிலர்.

தந்தி அடித்தவர் லண்டனில் இருந்த ஜான் பீட்டி. கனடாவில் மருத்துவம் படித்தபோது ட்ரூவுக்கு ஆசிரியராக இருந்தவர். 5,000 குப்பி உலர் பிளாஸ்மா உடனே வேண்டும், சில வாரத்தில் இன்னொரு 5,000 வேண்டும் என்று கேட்டார். அந்த அளவு உலர் பிளாஸ்மா அன்று உலகில் எங்குமே இல்லை.

ஏன் பிளாஸ்மா? முழு ரத்தம் சில நாளில் கெட்டுவிடும். கப்பலில் ஆடி அலைந்தால் சிவப்பணு உடையும். வகை பார்த்துத்தான் ஏற்ற முடியும். சிவப்பணுவை நீக்கிவிட்டால் தெளிவு நெடுநாள் தாங்கும், தூரம் போகும். பலருடையதைக் கலந்துவிட்டால் ரத்த வகை பார்க்கும் அவசரமும் குறையும். ரத்தம் இழந்து அதிர்ச்சியில் கிடப்பவரின் நாளங்களை முதலில் நிரப்ப அது போதும்.

சொல்வது எளிது. ஒருவர் கைபட்டு ஒரு கிருமி புகுந்தாலும் மொத்தக் கலவையும் விஷம். 'பிரிட்டனுக்கு ரத்தம்' என்ற அந்த முயற்சியில் நியூயார்க்கின் மருத்துவமனைகள் பல சேர்ந்திருந்தன. ட்ரூ எல்லாவற்றுக்கும் ஒரே முறையை வகுத்தார். ரத்தம் எடுப்பதிலிருந்து குப்பியை மூடுவதுவரை ஒவ்வொரு படியையும் சோதனைக்குள் கொண்டுவந்தார். 1941 ஜனவரியில் முயற்சி முடிந்தபோது 14,500-க்கும் மேற்பட்டோர் ரத்தம் கொடுத்திருந்தார்கள். 5,000 லிட்டருக்கும் மேல் பிளாஸ்மா கடல் கடந்திருந்தது.

அடுத்து அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்தத் திட்டத்தை அவர் தொடங்கிவைத்தார். சில மாதங்களில், அறுவை மருத்துவர்களை உருவாக்கும் தம் வேலைக்கே ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அந்த ஆண்டிலேயே நாடு தழுவிய ரத்த சேகரிப்பில் கறுப்பினத்தார் ரத்தம் வேண்டாம் என்று விலக்கினார்கள். எதிர்ப்பு எழுந்ததும் 1942 ஜனவரியில் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் தனியாகப் பிரித்து, அடையாளம் ஒட்டி வைத்தார்கள். மனித ரத்தத்தில் இனத்துக்கு இனம் வேறுபாடு இருப்பதற்கு அறிவியலில் எந்தச் சான்றும் இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகப் பேசினார்.

1950 ஏப்ரல் 1. வட கரோலினா வழியாக மூன்று மருத்துவர்களோடு, ஓர் இலவச மருத்துவ முகாமுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். வண்டியை ஓட்டியவர் அவர்தான். தூக்கம் இல்லாத இரவு. விடிகாலையில் கண் அசந்தது. கார் உருண்டது. 45 வயதில் போய்விட்டார். வெள்ளையர் மருத்துவமனையில் ரத்தம் ஏற்ற மறுத்ததால் இறந்தார் என்று ஒரு கதை நாடெங்கும் பரவியது. உடன் இருந்த மருத்துவர்கள் அதை மறுத்தார்கள். அங்கிருந்தவர்கள் காப்பாற்ற முடிந்ததையெல்லாம் செய்தார்கள், காயம் பெரிது. அந்தக் கதையை மக்கள் நம்பியதற்குக் காரணம், அப்படி வேறு பலருக்கு அந்நாட்டில் உண்மையிலேயே நடந்திருந்ததுதான். அதே 1950-இல்தான் ரத்தத்துக்கு இன அடையாளம் ஒட்டுவதைச் செஞ்சிலுவைச் சங்கம் நிறுத்தியது.

சித்தப்பாவின் டிவிக்கு வருகிறேன்.

1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் என்ற மூவர் ஒரு கண்ணாடித் தகட்டை உருவாக்கினார்கள். கணினி வழியாக மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஒரு திட்டத்துக்காகச் செய்த திரை அது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே மிகச் சிறிய அறைகள், ஒவ்வொன்றிலும் துளி வாயு. மின்சாரம் பட்டதும் அந்த வாயு லாங்மியூரின் பிளாஸ்மாவாக மாறி ஒளிரும். பின்னால் வந்த பிளாஸ்மா டிவியில், அந்த ஒளி சுவரில் பூசிய பாஸ்பரில் பட்டுச் சிவப்பு, பச்சை, நீலம் என நிறமாகிறது. பிளாஸ்மா டிவி என்பது லட்சக்கணக்கான சின்னஞ்சிறு டியூப்லைட்டுகளை நெருக்கி அடுக்கிய பலகை. 2014-ஐ ஒட்டிப் பெரிய நிறுவனங்கள் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டன.

டிவி போனாலும் சொல் போகவில்லை. கொரோனா நாட்களில் 'பிளாஸ்மா கொடுப்பவர் தேவை' என்று கைபேசிகளில் ஓயாமல் செய்தி வந்தது நினைவிருக்கும். நோயிலிருந்து மீண்டவரின் பிளாஸ்மாவில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் இன்னொருவரைக் காக்கும் என்ற நம்பிக்கை. 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதித்தது. நோய் முற்றுவதையும் மரணத்தையும் அது தடுக்கவில்லை என்று 2020-இல் தெரிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் சிகிச்சை நெறிமுறையிலிருந்து அதை நீக்கினார்கள். கேட்டு அலைந்தவர்களையும் ஓடிப்போய்க் கொடுத்தவர்களையும் நான் குறைவாக நினைக்கமாட்டேன். நானும் ஓர் இரவு அப்படி ஓடியவன்.

அந்த இரவுக்குத் திரும்புகிறேன். அரை மணி நேரம் முடிந்தது. பைகள் இளகி, கையில் வெதுவெதுப்பாக இருந்தன. மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் சித்தப்பாவின் செருப்புச் சத்தம். முதல் பை ஏறியது, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது பை ஏறும்போது சிஸ்டர் வெளியே வந்தார். "நிக்குதுங்க. உறையுது" என்றார். சித்தப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

விடியும் நேரத்தில் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். தங்கை கண் திறந்து, "பாப்பாவுக்குப் பால் குடுத்தாங்களாண்ணா?" என்று கேட்டாள். கம்பியில் தொங்கிய நான்காவது பை பாதி தீர்ந்திருந்தது. அதில் ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். ஓர் எண், ரத்த வகை, எடுத்த தேதி, காலாவதி தேதி. கொடுத்தவர் பெயர் இல்லை. எந்த ஊர், என்ன சாதி என்று ஒரு வரியும் இல்லை.

கட்டிலுக்கு மேலே ஒரு டியூப்லைட் துடிக்காமல் நின்று எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில், சொட்டுச் சொட்டாக அந்த மஞ்சள் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே எரிவதற்கும் கீழே இறங்குவதற்கும் பெயர் ஒன்று என்று அப்போது எனக்குத் தெரியாது. சித்தப்பா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த அறையில்தான் இருந்தது.

(நிறைந்தது)